படிக்குப் பூட்டுப் போட்ட மகனுக்கு

மகனுக்கு,

நேற்றுக் காலை உன் கைபேசியில் நீ பார்த்தது சரிதான். நம் வீட்டுப் படியில் நீ மாட்டிவைத்த இரும்புக் கேட்டை அறுத்துக்கொண்டிருந்தவர் பேட்டையிலிருந்து வந்த வெல்டர். அவருக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற கிழவி நான்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு வாசலைப் பார்க்க நீ ஒரு கேமரா வைத்திருக்கிறாய் என்பதே, நீ போன் செய்து "அம்மா, என்னம்மா செய்யுதே அங்க?" என்று அலறிய பிறகுதான் எனக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தேன். சன்ஷேடுக்கு அடியில் குளவிக்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் வைக்கவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு" என்பாய், நானும் பெற்ற பாவத்துக்குக் கேட்டுத் தொலைப்பேன். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன குறை. நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நீ நம் வீட்டை உலகத்துக்கெல்லாம் படம் பிடித்துக் காட்டியிருக்கிறாய் அல்லவா, நானும் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். எஞ்சினீயர் மேட்டில் நம் வீட்டைப் போல இன்னும் ஆறேழு வீடுகள் இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு, நீ செய்ததைப் பார்த்து நாமும் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். இப்படிக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் நடுநடுவே தாங்கள் செய்த தப்பையெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

வீட்டை விருந்தாளிகளுக்கு நாள்வாடகைக்கு விட நீ போட்ட விளம்பரத்தைப் படித்தேன். "மலைச்சரிவில் மிதக்கும் கூடம். ஐம்பதுகளின் நவீனக் கட்டடக் கலைக்கு அரிய சான்று. சிறிதும் சிதையாமல் காக்கப்பட்டது." காக்கப்பட்டதாம்! யாரப்பா காத்தது? தானாகவா காக்கப்பட்டது? அந்தக் கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்க இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடிச் சன்னல். ஆற்றிலிருந்து ஏறி வருகிற ஈரத்துக்கு அந்த இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. ஒவ்வொரு புரட்டாசியிலும் உன் அப்பா பனியனோடு ஏணியில் ஏறி, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடிப்பார். வங்கியில் மேனேஜராக இருந்த மனுஷன், அந்த ஒரு வாரமும் நகக்கண்ணில் துருவோடுதான் கையெழுத்துப் போடுவார். மொட்டைமாடியில் தட்டோடு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று முட்டி போட்டுத் தடவிப் பார்த்துச் சுண்ணாம்பு வைத்தது நான். மொசைக் தரை பளபளக்கிறது என்று எவனோ ஒருவன் உன் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறான். அறுபது வருஷத்துக்கு மேலாக அதன்மேல் ஆட்கள் நடந்திருக்கிறார்கள், அதனால் பளபளக்கிறது.

நீ அந்த வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட நேருக்கு நேர் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நீ அப்படிச் சொல்லவில்லை. வீட்டின் மேல் உனக்கு அவ்வளவு ஆசை. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, அதில் குடியிருந்ததற்கான அடையாளத்தையெல்லாம் துடைத்துவிட்டாய். ஆவணியில் வந்து, "அம்மா, கொஞ்சம் மராமத்து வேலை இருக்கு, ரெண்டு மாசம் எங்களோட வந்து இரு" என்று கூட்டிக்கொண்டு போனாய். நானும் பேரனோடு இருக்கலாம் என்று பெட்டியைக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் என் பீரோவைக் காணோம். கிரைண்டர் கார் ஷெட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. துணி காயப்போடுகிற கம்பியை அறுத்துவிட்டிருக்கிறாய், படத்துக்கு அது அசிங்கமாம். உன் அப்பா படுத்துப் படித்த ஈஸிச்சேர் போய்விட்டது. அந்த இடத்தில் பழைய நாற்காலி மாதிரியே செய்த புது நாற்காலி நிற்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஓர் ஆள் துணைக்கு வேண்டும்.

பின்கட்டுச் சன்னலுக்கு உன் அப்பா போட்ட கம்பிவலையையும் எடுத்துவிட்டாய். "தாத்தாவோட ஒரிஜினல் டிசைன்ல அது இல்லம்மா" என்றாய். தாத்தாவின் டிசைனில் குரங்கும் இல்லை! அவர் கட்டிய காலத்தில் அதுகள் காட்டில் இருந்தன. இப்போது நம்மோடு இருக்கின்றன. நீ கூட்டிவந்த படப்பிடிப்புக்காரப் பையன் இரண்டு நிமிஷம் டீ குடிக்கப் போன சமயம், மூன்று குரங்குகள் உள்ளே இறங்கி, அவன் அலங்காரத்துக்கு அடுக்கியிருந்த வாழைப்பழத்தைத் தின்று, அவனுடைய கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டனவாம். பால்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் குரங்குகளின் பேரில் வருத்தம் இல்லை.

இதெல்லாம் போகட்டும். பீரோவைத் திரும்பக் கொண்டுவரலாம், கம்பியைத் திரும்பக் கட்டலாம். இதற்காக உனக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டேன். படியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உன் தாத்தாவும் அவருடைய சிநேகிதர்களும் அணை வேலைக்கென்று எஞ்சினீயர்களாக வந்து, மலை பிடித்துப்போய், இந்தச் சரிவில் ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். ரோடு அப்போதும் இப்போது போலத்தான், கொண்டை ஊசி மாதிரி வளைந்து சுற்றிக்கொண்டு ஏறும். காருக்குச் சரி, காலுக்குச் சரிவராது. அதனால் அவர்கள் எல்லாருமாகப் பேசி, கீழ்ரோட்டிலிருந்து மேல்வீடு வரைக்கும் நேராக ஒரு கல்படி போட்டார்கள். ஒவ்வொருவர் மனைக்குள்ளும் நுழைந்து போகிற படி. அதற்குச் சுவர் கிடையாது, கதவு கிடையாது. அவரவர் மனைக்குள் இருக்கிற படியில் அவரவர் விளக்குப் போட வேண்டும், மழைக்கு முன்னால் பாசியைச் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வீட்டு விளக்கு எரியாவிட்டால் மறுநாளே யாராவது பல்போடு வந்து கதவைத் தட்டுவார்கள்.

நம் மனையில் அந்தப் படி நடுவில் வந்தது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் தாங்குசுவர், ஒதுக்க இடம் இல்லை. உன் தாத்தா யோசித்துப் பார்த்து, கூடத்தையே ஓர் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தி, படியை அதற்கு அடியில் விட்டார். என் மாமியார் அப்போதே சண்டை போட்டார்களாம். "ஊரான் நடக்கதுக்கு நம்ம கூடத்தத் தூக்கி அந்தரத்துல நிப்பாட்டணுமாக்கும்? எங்கயாவது உண்டுமா இந்தக் கூத்து?" என்று கேட்டார்களாம். உன் தாத்தா பைய, "மழைக்கு ஒதுங்க ஒரு எடம் ஆச்சுல்லா" என்றாராம். இதை மாமியாரே என்னிடம் சொன்னார்கள், சொல்லும்போதும் கோபமாகத்தான் சொன்னார்கள். ஆனால் மழையில் யாராவது அடியில் ஒதுங்கி நின்றால் முதலில் துண்டு எடுத்துக் கொடுக்கிறதும் அவர்கள்தான். நீ உலகத்துக்குக் காட்டுகிறாயே மிதக்கிற கூடம், அது மிதக்க வேண்டும் என்று யாரும் தூக்கவில்லை. அதற்கு அடியில் ஆட்கள் நடக்க வேண்டும் என்று தூக்கினார்கள். நீ மேலே இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கீழே இருப்பதைப் பூட்டிவிட்டாய். எஞ்சினீயர் பேரன் என்று சொல்லிக்கொள்ள உனக்கு வெட்கமாக இல்லையா?

உன் அப்பா போனபோது நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தாய். ஐப்பசி அடைமழை. பாடையைத் தூக்கும்போது படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குக் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கவே தெரியவில்லை. முன்பக்கம் தோள் கொடுத்துப் படிப்படியாக "பாத்து, பாத்து, எடக்கால வையி" என்று சொல்லிக்கொண்டே இறக்கியது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? மேல்வீட்டுக் காதர் அண்ணன். நீ காதர் மாமா, காதர் மாமா என்று பின்னாலேயே திரிந்தாயே, அவர்தான். சவுதியில் உழைத்துச் சம்பாதித்து, மேல்வீட்டை விலைக்கு வாங்கிக் குடிவந்த நாள் முதல், அவரும் அவர் மனைவி பாத்திமா லாத்தாவும் காலையும் மாலையும் நம் கூடத்துக்கு அடியில்தான் போய்வந்தார்கள். கீழே போகும்போதெல்லாம் "டீச்சர், கடையில எதுவும் வேணுமா?" என்று ஒரு குரல் கொடுக்காமல் அந்த மனுஷன் படி இறங்கியதில்லை.

அவர் போய்விட்டார். அவர் மகன் ரியாஸ்தான் போன் செய்தான். அன்றைக்கே அடக்கம் என்றான், நான் சென்னையிலிருந்து எப்படி வந்து சேர்வது. ராத்திரி ரயிலைப் பிடித்து மறுநாள் வந்து இறங்கினேன். ஆட்டோவைக் கீழ்ரோட்டில் நிறுத்திவிட்டுப் படி ஏறப் போனால், கேட். கறுப்பு பெயின்ட் அடித்த கேட், அதில் ஒரு பூட்டு, அதில் ஒரு போர்டு: "விருந்தினர்களுக்கு மட்டும்". சத்தியமாக வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். ரோட்டைச் சுற்றி ஏறி, மேல்வீட்டுப் பக்கமாகப் படியில் இறங்கி நம் மனைக்கு வந்தால் அங்கேயும் ஒரு கேட். அந்தக் கேட்டுக்கு முன்னால், படியில், நசுங்கின ரோஜா இதழும் மல்லிகையும் கிடந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் இதழ்கூட இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ரியாஸ் வந்து எழுப்பினான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னலே நடந்துச்சு?" என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றான். பிறகு, "கேட்டு போட்டு ஒரு மாசமாச்சு டீச்சர். நாங்க ரோட்டச் சுத்தித்தான் போய்க்கிட்டு இருந்தோம். மையத்த எடுக்க அன்னைக்கு மட்டும் தொறந்து வச்சிருப்பாவன்னு நெனச்சு எறங்கிட்டோம். பூட்டியிருந்துச்சு. சாவி, வீட்டப் பாத்துக்க அண்ணன் போட்டிருக்க மேனேஜர்ட்ட இருக்காம், அவரு திருநெல்வேலில இருக்காராம். சரின்னு சந்தாக்கத் திருப்பிக்கிட்டு மேல ஏறி, ரோட்டு வழியாப் போனோம்" என்றான். சந்தாக்கு என்றால் உனக்குத் தெரியும், அவர்கள் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துத் தோளில் தூக்கிப் போகிற பெட்டி. அந்த ஒடுக்கப் படியில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவது எப்படி என்று யோசித்துப் பார். முன்னால் நின்றவர்கள் பின்னால் போக வேண்டும், நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை, மழை, கூட வந்த வயசாளிகள் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆயுசு முழுக்க அந்தப் படியில் இறங்கினவரைக் கடைசியாக ஒரு தடவை இறக்க முடியாமல் திருப்பித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இத்தனை ஆம்பளைங்க நின்னீங்களே, ஒரு கல்லத் தூக்கிப் பூட்ட ஒடைக்கக் கூடாதால?" என்று கத்தினேன். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "டீச்சர் வீடுல்லா, எப்படி ஒடைக்க?" என்றான். அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். மேட்டில் இருக்கிற அத்தனை பேரும், நான் சம்மதித்துத்தான் நீ பூட்டினாய் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக முட்டிவலியோடு ரோட்டைச் சுற்றி நடந்திருக்கிறார்கள், ஒருத்தர் எனக்குப் போன் செய்யவில்லை. டீச்சருக்கு என்ன கஷ்டமோ, ஏதோ காரணம் இருக்கும் என்று அவர்களாகவே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் பெயரை வைத்தல்லவா நீ பூட்டியிருக்கிறாய்! உன் பூட்டு எத்தனை பலம் என்று நீ நினைத்தாயோ தெரியாது, அதைத் தாங்கிப் பிடித்தது என்மேல் அவர்கள் வைத்திருந்த மரியாதை.

உனக்கு அப்போதே போன் செய்தேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று இங்கே எழுதிவிடுகிறேன், எல்லாரும் படிக்கட்டும். "ஐயோ பாவம்மா. ஆனா அவங்க முன்னாடியே மேனேஜருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாய். லே, உனக்குக் கோட்டி பிடித்திருக்கிறதா? சாகிறவர் முன்கூட்டியே உன் மேனேஜருக்குச் சொல்லிவிட்டுச் சாக வேண்டுமா? காதர் மாமா தோளில் ஏறிப் பங்குனி உத்திரத்துக்குத் தேர் பார்த்தவன்தானே நீ? அதற்கு யாரிடம் போன் செய்து கேட்டாய்? பிறகு ரியாஸுக்கு வாட்ஸ்அப்பில் ஆழ்ந்த இரங்கல் என்று அனுப்பியிருக்கிறாய், கூப்பின கை படத்தோடு. அவன் காட்டினான். பதிலுக்கு "நன்றி அண்ணன்" என்று போட்டிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பக்குவத்தில் கால்வாசி உனக்கு இருந்திருந்தால் எனக்கு இந்த வயசில் இந்த ரத்தக்கொதிப்பு எதற்கு?

லாத்தாவைப் பார்க்கப் போனேன். புருஷன் போனதற்கான இத்தாவில் இருக்கிறாள், மாதக்கணக்கில் வெளியே வர மாட்டாள், வெளி ஆண்கள் முன்னால் நிற்க மாட்டாள். வெள்ளைத் துப்பட்டாவோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "ஏட்டி, எப்பம் வந்தே? சாப்ட்டியா?" என்றாள். நான் கேட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அத விடு. மவன் ஏதோ தொழில் பண்ணுதான், நல்லா வரட்டும்" என்றாள். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என்னைத் தேற்றி அனுப்பினாள், புருஷனைப் பறிகொடுத்தவள்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, வெல்டரைத் தேடியதுதான். தேடினால், கேட்டைச் செய்தவரே அவர்தானாம். "நல்ல வேலைப்பாடு டீச்சர், அறுக்கதுக்கே மனசு வரல. எதுக்குன்னு தெரிஞ்சா நான் செஞ்சே குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் அடியோடு அறுத்தார். கல்லில் கம்பி நட்ட துளையையும் சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டேன். கேட் கார் ஷெட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உன் கேமராவை நான்தான் கம்பால் தட்டிவிட்டேன். அதோடு நீ பார்த்த படம் நின்றிருக்கும்.

உன் தொழிலைக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. வீடு பார்க்க யாராவது ஆசைப்பட்டு வந்தால் வரட்டும். உன் தாத்தா காலத்திலேயே வந்து பார்த்துவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். மேலறை இரண்டையும் எடுத்துக்கொள். ஆனால் நான் இங்கேதான் இருப்பேன், துணி கம்பியில்தான் காயும், குரங்குக்கு வலை திரும்ப வரும், அப்பாவின் ஈஸிச்சேர் எங்கே போயிருந்தாலும் வந்து சேர வேண்டும். கூடத்துக்கு அடியில் ஆட்கள் போவார்கள், வருவார்கள், மழைக்கு நிற்பார்கள், சத்தமாகப் பேசுவார்கள். தனிமை வேண்டும் என்கிற விருந்தாளி வேறு மலைக்குப் போகட்டும். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள். ஒரு வீட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால், அது யாருக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டு நின்றதோ அவர்களையும் சேர்த்துத்தான் காப்பாற்ற முடியும். அவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் நிற்பது சிமென்டும் கண்ணாடியும்.

முதல் விருந்தாளிகளோடு வெள்ளிக்கிழமை நீ வருவதாக மருமகள் சொன்னாள். விருந்தாளிகள் பிறகு வரட்டும். நீ மட்டும் வா. காரைக் கீழ்ரோட்டில் நிறுத்து. என் வாசலில் ஏறாதே, நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். கூடத்துக்கு அடியில் நுழைந்து நேரே மேலே ஏறிப் போ. லாத்தா வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். நீ அவளிடம் பால்சோறு வாங்கித் தின்றவனாக இருந்தாலும், இத்தா முடிகிறவரை உன் முன்னால் வர மாட்டாள். கதவைத் தட்டி நீ யார் என்று சொல். மேனேஜர் என்று சொல்லாதே, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லாதே. "நான்தான் பூட்டினேன்" என்று சொல். சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது உனக்கே தெரியும். உள்ளேயிருந்து அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு இப்போதே தெரியும். "நனையாதலே, சன்ஷேடுக்கு அடியில வந்து நில்லு" என்பாள். அதைக் கேட்ட பிறகும் படிக்குப் பூட்டு வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், வந்த வழியே இறங்கிச் சென்னைக்குப் போய்விடு. தோன்றாவிட்டால் வீட்டுக்கு வா. சோறு வடித்து வைத்திருப்பேன்.

உன் அம்மா